அளவு மேஸ்திரி கட்டிய பாத்ரூம்

உலகத்தில் இதுவரை பிறந்த கொத்தனார்களிலேயே, இஞ்ச் டேப்பைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்ட ஒரே ஆசாமி எங்கள் அளவு மேஸ்திரிதான். அவருடைய நிஜப் பெயர் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒருவருக்கும் தெரியாது. என் ஃபோனிலும் ‘அளவு மேஸ்திரி’ என்றுதான் பதிந்து வைத்திருக்கிறேன். நடுவில் ஒரு மாதம் வேறு ஒரு பெயரில் இருந்தார். அதைப் பத்திரிகையில் எழுத முடியாது.

சுவரில் ஒரு ஷெல்ஃப் போட வேண்டுமா, வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சுவரோடு ஒட்டி நிற்க வைப்பார். கையைத் தூக்கச் சொல்வார், குனியச் சொல்வார், ஒரு காலில் நிற்கச் சொன்னதாகவும் எங்கள் தெருவில் பேச்சு உண்டு. அப்புறம் காதில் செருகிய பென்சிலை எடுத்து ஒரே ஒரு கோடு. முடிந்தது அளவு. டேப் வாங்கித் தருகிறேன் என்று நான் சொன்னபோது அவர் என்னை மிகவும் இரக்கத்தோடு பார்த்தார்.

“டேப்பா சார் வந்து குளிக்கப் போவுது? நீங்கதான குளிக்கப் போறீங்கோ. அப்ப உங்களத்தான அளக்கணும்.”

எம்.ஏ. படித்தவன் நான், டேப் வாங்கும் யோசனையை அங்கேயே கைவிட்டேன்.

எங்கள் பின் தெருவில் ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் இருக்கிறார். ஆறடிக்குக் குறையாத உயரம். அவர் வீட்டுச் சமையலறையில் மேஸ்திரி ஷெல்ஃப் போட்ட அன்று அவருடைய மனைவி கபாலி கோயிலுக்குப் போயிருந்தார். அந்த அம்மாள் நாலடி பத்தங்குலம். அன்றிலிருந்து அந்த வீட்டில் தாளிக்கும்போதெல்லாம் மேனேஜர்தான் கடுகு டப்பா எடுத்துத் தருகிறார். முப்பது வருஷம் ஊரையே விரட்டியவர் இப்போது ஒரு கரண்டிச் சத்தத்துக்கு ஓடி வருகிறார் என்று கேள்வி.

இதெல்லாம் தெரிந்தும் இந்த மனிதரை நான் ஏன் கூப்பிட்டேன் என்று நீங்கள் கேட்பீர்கள். விதி, வேறென்ன.

போன வருஷம் கோடையில் ஒரு நாள் காலை, கீழ் வீட்டு மாமி மேலே ஏறி வந்தார். சண்டை போடும் ரகம் இல்லை அவர். மெதுவாகத்தான் சொன்னார். “எங்காத்துப் பெருமாளுக்கு ஒங்காத்து பாத்ரூம் ஜலத்துல அபிஷேகம் நடந்துண்டிருக்கு. கொஞ்சம் பார்த்தேள்னா தேவலை.” போய்ப் பார்த்தேன். பூஜை அலமாரிக்கு நேர் மேலே கூரை ஊறி, சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது.

சரி, பாத்ரூம் ஒழுகினால் சரி செய்துகொள்ளலாம், அதில் என்ன தலைபோகிற விஷயம்? இருந்தது. என் மனைவி கவிதா, மகள் மிது பிறந்த பிறகு வேலையை விட்டவள். ரெண்டரை வருஷம் கழித்து நந்தனத்தில் ஒரு கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. ஜூன் மாதம் ஒரு திங்கட்கிழமை சேர வேண்டும். அவள் போக வேண்டுமானால் மிது அடையாறில் ப்ளே ஸ்கூலுக்குப் போக வேண்டும். மிது போக வேண்டுமானால் டயப்பர் போடாத பிள்ளையாக இருக்க வேண்டும், அந்த ஸ்கூலின் சட்டம் அப்படி. டயப்பர் போக வேண்டுமானால் பிள்ளை பாத்ரூமில் உட்காரப் பழக வேண்டும். அந்தப் பாத்ரூமைத்தான் இடிக்கப் போகிறோம். பின்பக்கம் ஒரு இருட்டுக் கக்கூஸ் இருக்கிறது. அதில் நிரந்தரமாகக் குடியிருக்கும் பல்லியைப் பார்த்த நாளிலிருந்து மிது அந்தப் பக்கமே திரும்புவதில்லை.

மேஸ்திரி வந்தார், பார்த்தார், ஒரு மக் தண்ணீரைத் தரையில் ஊற்றி அது ஓடுகிற அழகை ரசித்தார். நாலு நாள் வேலை என்றார். நானும் நம்பினேன்.

முதல் நாள் சம்மட்டியை எடுத்து ரெண்டே மணி நேரத்தில் கமோடைப் பெயர்த்து, பாதித் தரையைக் கிளப்பிவிட்டார். ஆஹா, என்ன வேகம் என்று வாயைப் பிளந்தேன். அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்த மிது வீறிட்டு எழுந்தது. எழுந்த பிள்ளை நடுங்கிக்கொண்டே அழுததை மேஸ்திரி பார்த்துவிட்டார். பிடித்தது சனி. குழந்தை தூங்கும்போது இனி சம்மட்டியைத் தொடுவதில்லை என்று அந்த இடத்திலேயே சபதம் எடுத்தார்.

நல்ல மனசுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். மேஸ்திரி வருவதே பதினோரு மணிக்கு. டீ குடித்து, லுங்கி மாற்றிக் கட்டி முடிக்கும்போது மிது அவர் பக்கத்தில் வந்து நின்றுவிடும். பிள்ளை பக்கத்தில் நிற்கும்போது உடைத்தால் சில்லு தெறிக்கும், எனவே உடைக்கக் கூடாது. ஒரு மணிக்கு மிது தூங்கும். தூங்கும்போதும் உடைக்கக் கூடாது. மேஸ்திரி மாடிப்படியில் உட்கார்ந்துவிடுவார். ‘பாவம், வெயில்ல வந்திருக்கான்’ என்று கீழ் வீட்டு மாமி அவருக்குக் காபி வேறு கொடுப்பார். பழைய குழாய்க் கசிவில் பெருமாள் அங்கே நனைந்துகொண்டிருக்கிறார், இங்கே காபி. மூன்றரைக்குப் பிள்ளை எழுந்து மறுபடியும் பக்கத்தில் வந்து நிற்கும். நாலரைக்கு அவருக்குப் பஸ்.

ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. பதினோரு மணிக்கு வந்து நாலரைக்குப் போவதற்கு இதென்ன கவர்மெண்ட் ஆபீசா என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. முன்பெல்லாம் ஆற்றோரம் குடியிருந்தாராம், இங்கே நடந்தே வந்துவிடுவாராம். இப்போது ஆற்றோரக் குடிசைகளை எடுத்துவிட்டு அவர்களையெல்லாம் ஊர்க்கோடியில் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள், ரெண்டு பஸ் மாற வேண்டும் என்றார். நான் பேச்சை மாற்றி, குழந்தை தூங்கும்போது வேலை செய்தால்தான் என்ன என்று கேட்டேன்.

“கொயந்த எந்திரிச்சா நீங்க தூக்கி வச்சிப்பீங்களா சார்? நீங்கதான் கம்ப்யூட்டர்ல குந்தினு கீறீங்களே.”

அப்புறம் ஒரு வாரம் நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை.

மிதுவுக்குத்தான் கொண்டாட்டம். காலையில் எழுந்ததும் ‘மேச்சி எங்க’ என்றுதான் கேட்கும். அவர் அதைப் பெயர் சொல்லியோ பாப்பா என்றோ கூப்பிட மாட்டார். ‘ஓனர்’ என்றுதான் கூப்பிடுவார். ஓனர், கொஞ்சம் தள்ளி நில்லு. ஓனர், அந்தக் கரண்டியக் குடு. ஓனரும் கரண்டியைக் கொடுக்கும், கேட்காததையும் கொடுக்கும். என் ஸ்கூட்டர் சாவி அந்த நாட்களில்தான் காணாமல் போனது. டைல்ஸ் போட்டு முடித்த பிறகு, அது தரைக்கு அடியில் இருக்குமோ என்று மேஸ்திரியிடம் சந்தேகத்தைச் சொன்னேன். அவர் மூலையில் ஒரு டைல்ஸை விரலால் தட்டிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். “ஒடச்சிப் பாத்துடலாமா சார்?” என்றார், சம்மட்டியைத் தேடிக்கொண்டே. வேண்டாம் மேஸ்திரி, நான் நடந்தே போகிறேன் என்றேன்.

ஆனால் அது பிறகு. மாதம் ஒன்று முடிந்தபோது தரை இன்னும் பாதி உடைந்தபடியேதான் கிடந்தது. கவிதா வேலையில் சேர இன்னும் ரெண்டே வாரம். அவள் புது ஆபீஸோடு தினமும் ஃபோனில் பேசிக்கொண்டிருந்தாள், பேசி முடித்ததும் பாத்ரூம் வாசலில் போய்ச் சும்மா நின்றாள். அவள் நின்ற விதம் எனக்குப் பயமாக இருந்தது. கத்தினாலாவது தேவலை என்று இருந்தது.

ஒரு நாள் மேஸ்திரி கிளம்பும் நேரத்தில் அவரைக் கூப்பிட்டாள். “மேஸ்திரி, ரெண்டரை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வேலை கெடைச்சிருக்கு, திங்கக்கிழமை சேரணும். பாப்பா உட்காரப் பழகலைன்னா ஸ்கூல்ல சேத்துக்க மாட்டாங்க. நான் வேலைக்குப் போக முடியாது. இதை விட்டா எனக்கு இன்னொண்ணு கெடைக்குமான்னு தெரியல.”

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். “எந்தத் திங்கக்கெயமம்மா?” என்று மட்டும் கேட்டார். சொன்னாள். போய்விட்டார். சரி, இனி இந்த ஆள் வர மாட்டார் என்று நான் முடிவு கட்டி, வேறு கொத்தனாருக்குச் சொல்லி வைத்தேன்.

மறுநாள் காலை ஆறரைக்குக் காலிங் பெல் அடித்தது. பல் தேய்க்காத வாயோடு கதவைத் திறந்தால், மேஸ்திரி. முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். “ஓனர இட்டுனு பார்க்குக்குப் போங்க சார். பத்து மணி வரைக்கும் வராதீங்க” என்றார். என் வீட்டிலிருந்து என்னையே விரட்டினார்.

ஒன்பது நாள் இப்படி. சறுக்குமரத்தில் பிள்ளையை ஏற்றி ஏற்றி எனக்கு விலா எலும்பு கழன்றது. வாக்கிங் வருகிற பெரியவர்கள் எனக்கு வேலை போய்விட்டது என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். வீட்டிலோ தரை உடைந்தது, குழாய் மாறியது, சிமெண்டு காய்ந்தது, டைல்ஸ் ஏறியது. டைல்ஸ் வேலையில் சத்தமும் இல்லை, சில்லும் இல்லை. எனவே பத்து மணிக்கு மேல் ஓனரும் பக்கத்திலேயே நின்று மேற்பார்வை செய்தது.

கடைசி நாள் வாஷ்பேசின், கண்ணாடி, குழாய் எல்லாம் மாட்ட வேண்டும். கவிதா கம்பெனிக்காக மெடிக்கல் டெஸ்டுக்குப் போயிருந்தாள். நான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இதே பத்திரிகைக்குக் கட்டுரை எழுதிக்கொண்டிருந்தேன். மேஸ்திரி கதவைத் தட்டி, கொஞ்சம் வந்து நின்றுவிட்டுப் போகச் சொன்னார். அஞ்சு நிமிஷம் என்றேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி தட்டினார். அஞ்சு நிமிஷம் என்றேன். மூன்றாம் முறை அவர் தட்டவில்லை.

சாயங்காலம் கவிதாவும் வந்த பிறகு போய்ப் பார்த்தோம். வாஷ்பேசின் என் முழங்காலுக்குச் சற்று மேலே இருந்தது. கண்ணாடியில் என் லுங்கி முடிச்சு தெரிந்தது, முகம் தெரியவில்லை. டவல் கம்பி தொடைக்கு நேரே. ஹேண்ட் ஷவர் இடுப்புக்கு நேரே. கமோடுக்கு முன்னால் மிச்ச டைல்ஸை வைத்து ரெண்டு குட்டிப் படி கட்டி, பக்கத்துச் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. மொத்தத்தில் ரெண்டரை அடி உயர ஜமீன்தார் ஒருவருக்குக் கட்டின பாத்ரூம்.

கவிதா தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. இது யார் அளவு, மேஸ்திரி என்று கேட்டேன்.

“ஓனர் அளவு சார்.”

“நான்தானே ஓனர்?”

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்களா? நாப்பது நாளா என்கூட நின்னது அதுதான சார். நீங்க ரூமுல கீறீங்கோ, அம்மா போன்ல கீறாங்கோ. கூப்ட்டா அஞ்சு நிமிசம்ன்றீங்கோ. நான் யாரத்தான் அளக்கறது?”

பெயர்த்து மாட்ட நேரம் இல்லை. திட்டிக்கொண்டே கதவைச் சாத்தினேன்.

மறுநாள் காலையில் வீடு சத்தமில்லாமல் இருந்தது. ரெண்டரை வயதுப் பிள்ளை இருக்கிற வீட்டில் சத்தமில்லை என்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம். அடித்துப் பிடித்துக்கொண்டு ஓடினேன். மிது ரெண்டு படியும் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, கமோடு மேல் ராணி மாதிரி உட்கார்ந்திருந்தது. என்னைப் பார்த்ததும், “அப்பா வெளிய போ” என்றது. போனேன். அப்புறம் குழாய்ச் சத்தம் கேட்டது. தன் உயரத்துப் பேசினில், தன் முகத்தைத் தானே கண்ணாடியில் பார்த்துக்கொண்டு கை கழுவியது. அன்று மட்டும் பதினொரு தடவை கழுவியது, ஒரு சோப்பு காலி. மூன்றே நாளில் டயப்பர் மூட்டையைக் கட்டிப் பரணில் போட்டோம். யாரும் எதையும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அந்த வாரத்தில்தான் இன்னொன்றையும் கவனித்தேன். கீஸர் சுவிட்சை மட்டும் மேஸ்திரி என் தலைக்கு மேலே, நானே எம்பித் தொடுகிற உயரத்தில் வைத்திருந்தார். அந்த மனிதரை எத்தனை பெயர் சொல்லித் திட்டியிருக்கிறேன் என்று நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது.

திங்கட்கிழமை காலை மூன்று பேரும் கீழே இறங்கினோம். கவிதா ஆபீஸ் உடையில், மிது முதுகில் தன்னைவிடப் பெரிய பையோடு. கேட் அருகே மேஸ்திரி நின்றிருந்தார், தோய்த்து இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில். சிமெண்டு ஒட்டாத மேஸ்திரியை அன்றுதான் பார்த்தேன். இன்றைக்கு வேலை ஒன்றும் இல்லையே மேஸ்திரி என்றேன்.

“வேலை இல்ல சார். ஓனரு இஸ்கோல் போவுது இல்ல. பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

இதற்காக ரெண்டு பஸ். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு, “போயிட்டு வரேன் மேஸ்திரி” என்று மட்டும் சொன்னாள். என்னிடம் சொல்ல மறந்துவிட்டாள். நான் ஒன்றும் நினைத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு வருஷம் ஆகிவிட்டது. முதுகுவலிக்கு டாக்டரிடம் போனால், கனமாக ஏதாவது தூக்குவீர்களா என்று கேட்கிறார். பல் தேய்ப்பேன் டாக்டர் என்கிறேன். மிது வளர்ந்துவிட்டாள், பேசினைத் தூக்கி மாட்டச் சொல்லுங்கள் என்று கவிதாவும் வாரம் ஒரு முறை சொல்கிறாள். நானும் சரி சரி என்கிறேன். வேறொரு கொத்தனாரை அதில் கைவைக்க விட எனக்கு மனசு வரவில்லை. மேஸ்திரியையே கூப்பிடலாம். கூப்பிட்டால் அவர் என்னைச் சுவரோடு நிற்க வைத்து அளந்து, அந்த அளவை அழித்துவிடுவார். வேண்டாம். அந்த மனுஷர் என் பெண்ணுக்கு அளந்து வைத்தது அப்படியே இருக்கட்டும், முதுகு வலித்தால் வலித்துவிட்டுப் போகட்டும்.