காசுக்குள் இருந்த ஆள்

1938 ஆவணியில் ஒரு வியாழக்கிழமை காலை, காசு துலக்கிகள் என்னும் இனத்தைச் சேர்ந்த ஒருத்தி கொல்லிமலையை விட்டு இறங்கினாள். இறங்கினாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. அடிவாரத்து முள்ளுக்குறிச்சி வரை திரும்பிப் பார்க்காமல் ஓடினாள். அவள் நான்தான்.

இந்த இனத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பழைய காசைக் கண்டால் முதலில் முந்தானையில் தேய்ப்பார்கள், பிறகு எச்சில் தொட்டுத் தேய்ப்பார்கள், அப்புறம் புளி, எலுமிச்சை, சாம்பல், செங்கல் தூள் என்று சமையல்கட்டே காலியாகும்வரை தேய்த்துவிட்டு, மிச்சமிருப்பதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பார்த்தீர்களா, புத்தம் புதிசு!" என்பார்கள். யார் கேட்டார்கள்? யாரும் கேட்கவில்லை. கேட்டுச் செய்தால் அது கூலி வேலை. கேட்காமல் செய்வதில்தான் இந்த இனத்தின் பெருமையே இருக்கிறது.

பணக்கார அம்மாள் ஒருவருக்குத் துணையாக நாலு வருஷம் கொழும்பு, பினாங்கு, ரங்கூன் என்று சுற்றிவிட்டு வந்த எனக்கு ஓரிடத்தில் உட்காரத் தெரியவில்லை. எங்கள் அப்பா கொல்லிமலைமேல் பைல் நாடு என்னும் பகுதியில் பெருமாயி வீட்டு மிளகை வாங்குவார். அந்தப் பழக்கத்தில் அவர்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கப் போனேன். மூன்றாம் நாளே அவர்கள் குத்துவிளக்கு, உழக்கு, மாட்டு மணி எல்லாம் பளபளத்தன. தேய்க்க வேறொன்றும் இல்லை.

பரணில் ஒரு துணி முடிச்சு இருந்தது. அதற்குள் கறுத்துப்போன ஒரு வெள்ளிக்காசு. பெருமாயியின் மகள் அத்தாயிக்கு நிச்சயம் செய்தபோது மாப்பிள்ளையின் தகப்பன் காளியண்ணன் கொடுத்தது. அவர்களுக்குள் ஏற்பாடு இதுதான்: பெண்ணுக்கு மனமில்லை என்றால் காசைத் திருப்பிக் கொடுத்துவிடலாம், சண்டை கிடையாது. ஆனால் அதே காசாக இருக்க வேண்டும். அத்தாயியின் மனமோ சின்னுசாமி என்பவனிடம் இருந்தது. மறுநாள் காசைத் திருப்புவதாக முடிவாகியிருந்தது.

கரியாய்க் கிடந்ததை அப்படியேவா கொடுப்பது? எல்லோரும் தினைக்கொல்லைக்குப் போன நேரத்தில் புளியைக் கரைத்தேன். மத்தியானத்துக்குள் கறுப்பு போயிற்று. அடியிலிருந்து கிரீடம் வைத்த தலை ஒன்று எட்டிப் பார்த்தது. எனக்கு ஒரே பூரிப்பு.

மறுநாள் காளியண்ணன் காசை உள்ளங்கையில் வைத்து வெகுநேரம் பார்த்தார். கெட்டவர் அல்ல, சொன்ன சொல் மாறாதவர். அதுதான் ஆபத்து.

"எங்க ஊட்டுக் காசுல ஆளு கெடையாதுங்க. இதுல ஒருத்தன் தலைய நீட்டிக்கிட்டு இருக்கறான்."

அதே காசுதான், இந்த அம்மிணி துலக்கிவிட்டார்கள் என்று பெருமாயி சொல்லிப் பார்த்தாள்.

"அப்பிடீன்னா இவன் இத்தன நாளா எங்க இருந்தானாம்? எங்க காசு வாரவரைக்கும் பொண்ணு எங்க பொண்ணுதானுங்க."

ஓர் இனம் தன் குணத்தை விடுமா? துலக்கிய நானே கறுக்க வைக்கவும் கிளம்பினேன். விளக்குக் கரி பூசினேன். தொட்டவர் விரலோடு போயிற்று. முட்டை பட்டால் வெள்ளி கறுக்கும் என்று அவித்த முட்டைக்குள் புதைத்தேன். கிரீடத்துக்கு மயில் கழுத்து நிறம் வந்து ராஜா இன்னும் அழகானார். அத்தாயி என்னைத் திட்டவில்லை. "பேசாம மாட்டு மணியோட நின்னிருக்கலாமுங்க, அம்மிணி" என்றாள். அதற்கு அடுத்த விடியற்காலைதான் நான் சொன்ன வியாழக்கிழமை.

சிரிக்கிறீர்களா? நல்லது. இதைப் படித்துக்கொண்டே உங்கள் கட்டைவிரல் எதையாவது தேய்த்துக்கொண்டிருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலு வருஷம் கழித்து மிளகு மூட்டையோடு சின்னுசாமியே எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். அத்தாயி சொல்லியனுப்பிய சேதியை மனப்பாடம் செய்தவன்போல் ஒப்பித்தான்:

"காசு நாலு வருசமா அடுப்புக்கு மேல தொங்குச்சுங்க, பொகையில அந்த ஆளு மறைஞ்சு போயிட்டானுங்க. இதுதான் எங்க காசுன்னு காளியண்ணன் மாமன் வாங்கிக்கிட்டாரு. தை மாசம் எங்களுக்குக் கலியாணம். அம்மிணி கட்டாயம் வரோணும். புளி மட்டும் கொண்டாரக் கூடாது."