மூன்றுக்கு ஒரு மாப்பிள்ளை

"விதி எண்டால் விதிதான் தம்பி" என்று நவரட்ணம் சொன்னபோது, ஜனார்த்தன் ஏற்கெனவே மூன்று பேரைக் கொடுத்துவிட்டிருந்தான்.

மோர்னிங்சைட்டில் நவரட்ணத்தின் வீட்டு பேஸ்மென்ற்றில்தான் கரந்தைவெளி மக்கள் ஒன்றியம் கூடும். நவரட்ணம் அதன் தலைவர். ஜனார்த்தன் ஒன்றியத்தின் கூடைப்பந்து அணிக்கு மனேஜர். அவனுக்கு ஆடத் தெரியாது. ஆட்டத்தைப் பற்றித் தெரியாதது எதுவும் இல்லை.

ஸ்காபரோவில் ஊர்ச் சங்கங்கள் தங்களுக்குள் ஒரு கூடைப்பந்துச் சுற்று வைத்திருக்கின்றன. கரந்தைவெளியைப் புளியந்துறை இரண்டு வருடமாக அடித்துத் துவைத்தது. அடித்தது ஊரல்ல, ஒரே ஓர் ஆள். அஜக்ஸில் இருந்து வருகிற சுலக்சன். ஆறடி ஐந்து அங்குலம். அவன் எறிந்தால், கூடை அண்டாவாக விரிந்து பந்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு தடவையும் நாற்பது புள்ளிகள்.

ஒன்றியத்துக்குப் பொறுமை போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஜிம் நேரத்தை நவரட்ணத்தின் மனைவியும் தோழிகளும் ஸும்பா ஆடக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். இந்த வருட முதல் ஆட்டமே புளியந்துறையோடு. தோற்றால் அணி கலையும், ஜிம் ஸும்பாவுக்கு. தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. ஜனார்த்தன் ஒருவன்தான் கை தூக்கவில்லை. அதை யாரும் எண்ணவில்லை.

ஜனார்த்தனிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. நான்கு அரை ஆட்களைவிட ஒரு முழு ஆள் மேல். இந்த நகரத்தின் பெரிய கூடைப்பந்து அணியே ஒரு முறை ஒரே வருடத்துக்கென்று ஒருவனை மாற்றி வாங்கிக் கிண்ணம் எடுத்த அணி அல்லவா. பெரிய அணிகள் யாரைக் கொடுத்து யாரை வாங்கின என்பதெல்லாம் அவனுக்குத் தேவாரம் மாதிரிப் பாடம். அதையெல்லாம் படிக்கிற அவசரத்தில், தன் அணி ஆடாத ஊர் ஆட்டம் எதையும் அவன் போய்ப் பார்த்ததில்லை.

எனவே புளியந்துறை மனேஜர் இக்னேசியஸை ஒரு கொத்துரொட்டிக் கடைக்கு வரவழைத்து, சுலக்சனைத் தர முடியுமா என்று கேட்டான். இக்னேசியஸ் கோழிக்காலை வைத்துவிட்டு அவனை இரக்கத்தோடு பார்த்தார். பிறகு மூன்று பேரைக் கேட்டார். இரட்டையர் இருவர், கூட ராகுலன்.

ஜனார்த்தன் சிரிப்பை அடக்கச் சோடா குடிக்கவேண்டி வந்தது. இரட்டையர் சரி, ஓரளவு ஓடுவார்கள். ராகுலன் குட்டை, உருண்டை, புள்ளி எடுப்பதே இல்லை. பந்து கைக்கு வந்தால் அடுத்தவனுக்குக் கொடுப்பான். மற்ற நேரமெல்லாம், நீ இங்கே நில், நீ அங்கே ஓடு என்று வாய் ஓயாமல் கத்திக்கொண்டிருப்பான். அவனைக் காசு கொடுத்து அனுப்பலாம், இந்த மனுசன் கேட்டு வாங்குகிறார்.

விடைபெற வந்த ராகுலன் ஒன்று சொன்னான். "அண்ணை, சுலக்சனை வச்சிருந்தும் புளியந்துறை ஒரு நாளும் கப் எடுக்கேல்லையே."

"ஒரு ஆள் என்னடா செய்யும்? சுத்திவர மரங்கள்" என்றான் ஜனார்த்தன்.

சித்தாந்தம் அந்த இடத்தில் லேசாக இடித்தது. அவன் கவனிக்கவில்லை.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் நவரட்ணம் விதியை எடுத்துச் சொன்னார். ஒருவன் ஓர் ஊருக்கு ஆடவேண்டும் என்றால் அது அவன் பிறந்த ஊராக இருக்கவேண்டும். அல்லது தாயின் ஊர், தகப்பனின் ஊர், கட்டின ஊர். கொடுத்த மூவருக்கும் தாய்மார் புளியந்துறை. அவர்கள் தாராளமாகப் போகலாம். சுலக்சனுக்கோ ஏழு தலைமுறையிலும் கரந்தைவெளியில் இருந்து ஒரு கோழிக்குஞ்சு வந்ததில்லை.

ஜனார்த்தன் இக்னேசியஸுக்குப் போன் போட்டு மூவரையும் திருப்பிக் கேட்டான். பனியனில் பெயர் அடித்தாயிற்று என்றார் அவர்.

"கட்டின ஊர் எண்டால் என்ன அங்கிள்?"

"எங்கட பிள்ளை ஒண்டைக் கட்டினால் உவன் எங்கட பொடியன்தானே" என்று நவரட்ணம் பகிடியாகச் சொன்னார். ஜனார்த்தனுக்குப் பகிடி விளங்குவதில்லை.

கரந்தைவெளியின் கலியாணம் ஆகாத பெண்களை அவன் மனத்துக்குள் வரிசையாக நிறுத்தினான். ஒருத்தி ஹமில்டனில் மருத்துவம் படிக்கிறாள், போன் எடுக்கமாட்டாள். ஒருத்தி கிரேக்கப் பையன் ஒருவனோடு போய்விட்டாள். ஒருத்திக்குப் பதினொரு வயது. மிஞ்சியவள் அவனுடைய வீட்டிலேயே, அவன் வாங்கிவைத்த சீரியலைத் தின்றுகொண்டிருந்தாள்.

தங்கை சிவானி. ஃபார்மசியில் வேலை. வந்த சம்பந்தங்களை எல்லாம் மூக்கு, பல், சிரிப்பு என்று ஏதாவது சொல்லித் தட்டிக் கழித்தவள். அவனுக்குக் கல்லில் நார் உரிக்கிற வேலை. தவிர, கூடப் பிறந்தவளைப் பந்துக்காகப் பேசுகிறோமே என்று உள்ளே குத்தியது. பந்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் ஆரம்பித்தான்.

"நல்ல பொடியன் ஒருத்தன் இருக்கிறான். அஜக்ஸ்."

"உயரமா?"

"கொஞ்சம்."

"ஐ டோன்ட் நோ, அண்ணா. யோசிக்கோணும்."

யோசிக்க ஒரு கிழமை எடுத்தாள். அந்தக் கிழமை முழுக்கச் சட்டி பானை கழுவியது அவன்தான். குப்பை போட்டதும், காலையில் அவளுடைய கார் மீது பனி வழித்ததும் அவன்தான். கடைசியில், ஒரு பெருமூச்சோடு, உங்களுக்காக வேண்டுமானால் பார்க்கலாம் என்றாள்.

சுலக்சன் கேட்ட உடனேயே சரி என்றுவிட்டான். அடுத்தது அம்மா. பாலேஸ்வரி பையனின் படத்தை எட்டத்தில் பிடித்துப் பார்த்தார். உயரம் கூடிவிட்டது, மணவறைக்குள் அடங்கமாட்டான் என்றார். பந்து எறிவதைத் தவிர என்ன செய்கிறான் என்று கேட்டார். வங்கியில் கம்பியூட்டர் வேலை என்றதும், அதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே என்று சாதகக் குறிப்பு கேட்டார்.

ரெக்ஸ்டேல் சாத்திரியார் பொருத்தம் இல்லை என்றார். ஜனார்த்தன் இன்னொருவரைப் பிடித்தான். அவருக்குப் பொருத்தம் பத்துக்கு ஒன்பது கிடைத்தது, ஆனால் தை பிறந்த பிறகுதான் நாள் என்றார். ஆட்டமோ கார்த்திகையில். அப்படியானால் தாலி தையில் இருக்கட்டும், எழுத்தை இப்போதே வைப்போம் என்றான் ஜனார்த்தன். ரெஜிஸ்ட்ரேஷன் முடிந்தாலே கட்டினதுதான் என்று நவரட்ணமும் ஒத்துக்கொண்டார்.

இது ஊருக்குள் வேறு மாதிரிப் போனது. இத்தனை அவசரமாக எழுத்து வைத்தால் அன்ரிமார் என்ன நினைப்பார்கள்? விரல் மடித்து மாதம் எண்ணத் தொடங்கினார்கள். கோயிலில் சிவானியின் வயிற்றை இரண்டு பேர் உற்றுப் பார்த்ததாக அம்மா வந்து அழுதார்.

ஜனார்த்தன் பதறிப்போய், அவசரத்துக்குக் காரணம் மாப்பிள்ளைக்கு இடமாற்றம் என்று சொல்லிவைத்தான். அது பொய்யும் இல்லை. ஆனால் எந்த இடத்துக்கு என்று அவன் சொல்லாததால், பின்னேரமே அது கல்கரி ஆகிவிட்டது. ஒரே பெண்ணைப் பனிக்காட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று அம்மா கட்டிலில் விழுந்தார். அஜக்ஸில் இருந்து மாப்பிள்ளையின் தாய் போன் எடுத்து, எங்களுக்கே சொல்லாமல் கல்கரியோ என்று சத்தம் போட்டார்.

இரண்டு தாய்மாரையும் அடக்க ஒரே வழிதான் இருந்தது. கல்கரி இல்லை, இந்த வீட்டிலேயே இருப்பார்கள், என்னுடைய அறையைத் தருகிறேன் என்று ஜனார்த்தன் வாக்குக் கொடுத்தான். வீட்டில் குளியலறையோடு சேர்ந்த ஒரே அறை அது. அவன் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு கீழே, உலர்த்தும் மெஷினுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்தான். மூன்று ஆட்டக்காரர், ஒரு தங்கை, ஓர் அறை. இவ்வளவும் ஓர் ஆளுக்கு. பெரிய அணிகளும் இப்படித்தான் கொடுக்கின்றன என்று தன்னைத் தேற்றிக்கொண்டான்.

எழுத்து சனிக்கிழமை. மறுநாள் ஆட்டம். சிவானியைக் காரில் கூட்டிக்கொண்டு போகும்போது அவனால் தாங்க முடியவில்லை. மார்க்கம் ரோட் சிக்னலில் நின்றபோது உண்மையைச் சொல்லிவிட்டான்.

"சிவானி, இது கலியாணப் பேச்சு இல்லையம்மா. ட்ரேட். மூண்டு பேரைக் குடுத்துத்தான் அவனை எடுத்தனான்."

அவள் பட்டுச் சேலையின் மடிப்பைச் சரிசெய்தாள். கோபம் வரவில்லை. கண்ணில் தண்ணீரும் வரவில்லை.

"பரவாயில்லை அண்ணா. குட் ட்ரேட்."

என்ன மனசு இவளுக்கு என்று அவன் உருகிப்போனான். கையெழுத்துப் போடும் மேசையில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பு, முன்பின் அறியாதவர்கள் சிரிக்கிற மாதிரி இல்லை. பாலேஸ்வரிகூட அதைக் கவனித்தார். ஜனார்த்தன் கவனிக்கவில்லை. அவன் சுலக்சனின் கணுக்காலைப் பார்த்துக்கொண்டிருந்தான், வீக்கம் ஏதும் இருக்கிறதா என்று.

ஞாயிற்றுக்கிழமை ஜிம் நிறைந்துவிட்டது. சுலக்சன் கரந்தைவெளிப் பனியனோடு இறங்கினான். வாசலில் நவரட்ணத்தின் மனைவியும் தோழிகளும் இறுக்கமான காற்சட்டையோடு, ஒரு பெரிய ஸ்பீக்கரை உருட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஜனார்த்தன் அவர்களுக்குக் கை அசைத்தான். அனுதாபமாக.

முதல் பந்தைச் சுலக்சன் எறிந்தான். அது கூடைக்கு மேலால் போய்ச் சுவர்க் கடிகாரத்தில் பட்டது. இரண்டாவது கூடைக்குக் கீழால் போனது. மூன்றாவதை அவன் எறியவில்லை, கையில் வைத்துக்கொண்டு, வழக்கம்போல ஸ்கோர்போர்ட் மேசையில் புள்ளி எழுத இருந்த சிவானியைப் பார்த்துச் சிரித்தபடி நின்றான். ஓர் இரட்டையன் வந்து அதை மெதுவாக வாங்கிக்கொண்டு போனான்.

எதிர்ப்பக்கம் ராகுலன் கத்திக்கொண்டிருந்தான். நீ இங்கே நில், நீ அங்கே ஓடு. அவன் சொன்ன இடத்தில் நின்றவன் கைக்குப் பந்து வந்தது. ஓடினவன் கைக்கும் வந்தது. இரண்டு வருடமாக மரங்கள் என்று ஜனார்த்தன் நினைத்திருந்த புளியந்துறைப் பையன்கள் குரங்குகளாக மாறிக் கூடையில் தொங்கினார்கள். ராகுலன் ஒரு புள்ளியும் எடுக்கவில்லை. எடுக்கவேண்டிய தேவை வரவில்லை.

இடைவேளையில் ஜனார்த்தன் சுலக்சனின் தோளைப் பிடித்து உலுக்கினான். தோள் எட்டவில்லை, முழங்கையைப் பிடித்து உலுக்கினான். "என்னடா நடக்குது உனக்கு?"

"ஒண்டுமில்லை மச்சான். ஐம் ஸோ ஹப்பி" என்றான் சுலக்சன். சிவானி வீட்டில் இருந்து கட்டிக்கொடுத்த றோல்ஸை அவன் தின்றுகொண்டிருந்தான். ஐந்தாவது.

விசில் ஊதி முடிந்தபோது கரந்தைவெளி ஐம்பத்தொரு புள்ளியால் தோற்றிருந்தது. சுலக்சன் எடுத்தது நாலு. வாசலில் ஸ்பீக்கருக்கு உயிர் வந்து, ஜிம் அதிரத் தொடங்கியது. இக்னேசியஸ் வந்து கை குலுக்கி, கலியாணத்துக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஜனார்த்தன் அப்படியே பெஞ்சில் இருந்தான். பக்கத்தில், எல்லா ஊர் ஆட்டங்களுக்கும் விசில் ஊதுகிற நீக்கிலாப்பிள்ளை சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அவரிடம் கேட்டான்.

"நாப்பது எடுத்த பொடியன், அண்ணை. ரெண்டு வருசமும் நாப்பது. ஒரே நாளில ஒருத்தன் எப்பிடி இப்பிடிக் கெடுவான்?"

நீக்கிலாப்பிள்ளை ஒரு சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு அவனைப் பார்த்தார்.

"கெடேல்லைத் தம்பி, மற்ற ஊர்களோட உவன் எப்பவும் நாலுதான், உங்களோட விளையாடேக்கை மட்டும்தானே ஸ்கோர்போர்ட் மேசையில கலியாணம் கட்டாத பிள்ளை ஒண்டு இருந்தது."