கரடிக்குப் பச்சை, மகளுக்குச் சிவப்பு

தயங்கித் தயங்கித் தப்புச் செய்கிறவனைப் பாதி வழியிலேயே யாராவது தடுத்துவிடுவார்கள். நான் அந்த ரகம் இல்லை. நான் முழு நம்பிக்கையோடு தப்புச் செய்கிறவன். என்னை முன்வரிசையில் உட்காரவைத்து, சட்டையில் ரோஜாப்பூ குத்தி, மைக்கில் பாராட்டி முடித்த பிறகுதான் கண்டுபிடிப்பார்கள். அப்படித்தான் ஆயிற்று, திருத்தங்கலில், என் மகள் படிக்கும் பள்ளிக்கூடத்தில்.

வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையில் இருபத்திரண்டு வருடமாக நான் போர்மேன். என் வேலை பட்டாசு செய்வது இல்லை. செய்கிறவர்களைச் சாயங்காலம் முழுசாக வீட்டுக்கு அனுப்புவது. அதற்கு ஒரே ஒரு விதிதான். சந்தேகம் வந்தால் நின்று யோசிக்காதே. அந்த அறையை மட்டுமல்ல, அந்த வரிசையில் இருக்கிற எல்லா அறைகளையும் காலி செய். நான் "வெளிய!" என்று ஒரு சத்தம் கொடுத்தால் எதற்கு என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். (வீட்டில் மட்டும் இந்தச் சத்தம் எடுபட்டதில்லை.)

போன வருடம் ஒரு நாள் பள்ளிக்கூடத்துக் கம்ப்யூட்டர் சார் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளுக்குக் கொடுத்திருக்கும் டேப்லட்டில் அவர்கள் கண்டதையும் திறக்கிறார்கள். அதனால் இணையப் பக்கங்களைப் பெற்றோரே பார்த்து நிறம் கொடுக்கப் போகிறோம் என்றார். பச்சை என்றால் எல்லாரும் பார்க்கலாம். மஞ்சள் என்றால் ஆசிரியர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிவப்பு என்றால் திறக்கவே திறக்காது.

"பாதுகாப்புன்னா இந்த ஊர்ல உங்கள விட்டா யாரு இருக்கா, அண்ணாச்சி?" என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்கு நான் மயங்கினேன். அறுபது பக்கங்கள் என் பங்கு. மற்ற பெற்றோர்கள் ஒரு நாளைக்கு நாலு, ஐந்து என்று பார்த்து முடிக்க இரண்டு வாரம் எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கறிச்சோறு சாப்பிட்ட கையோடு உட்கார்ந்து, நாலு மணி டீ வருவதற்குள் அறுபதையும் முடித்தேன்.

எப்படி முடித்தேன் என்பதை என் மனைவி மாரீஸ்வரி பக்கத்தில் இருந்து பார்த்தாள். வரிசை எண்ணும் பக்கத்தின் முதல் இரண்டு வரியும், படம் இருந்தால் படமும் திரையில் வரும். மீதியைப் படிக்க வேண்டுமென்றால் தட்டித் திறக்க வேண்டும். நான் திறக்கவில்லை.

"ஏங்க, உள்ள போய்ப் படிக்காமலே அமுக்குறீகளே?"

"கருமருந்தை எவளாச்சும் நாக்குல வச்சா பாப்பா? தூரத்துலயே தெரிஞ்சிரும்."

முப்பத்தேழாவது பக்கம் இப்படித் தொடங்கியது: "பட்டாசு ஆலையில் கருமருந்து அறைக்குள் நுழைவதற்கு முன்..." அவ்வளவுதான் படித்தேன். சிவப்பு. உடனே ஒரு கேள்வி வந்தது: 'இந்தப் பக்கம் மட்டுமா, இந்தத் தளம் முழுவதுமா?' போர்மேனிடம் கேட்கிற கேள்வியா இது? முழுவதும். காரணம் என்ற கட்டத்தில் 'வெடிபொருள்' என்று தட்டிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

நாற்பத்தொன்றாவது பக்கத்தில் ஒரு கரடி பொம்மை. ரோஸ் நிறம், கொழுகொழு கன்னம், கையில் ஒரு சக்கரம். "சுற்று, பரிசை வெல்" என்று எழுதியிருந்தது. எனக்கே தூக்கிக் கொஞ்ச வேண்டும்போல இருந்தது. பச்சை.

இந்த இடத்தில் நான் தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். ஊரைக் குலுக்குகிற வெடிப் பெட்டிமேல் பல்லில்லாமல் சிரிக்கிற குழந்தைப் படத்தை ஒட்டி லோடு ஏற்றுகிற ஊர்க்காரன் நான். மேலே இருக்கும் படத்துக்கும் உள்ளே இருக்கும் சரக்குக்கும் சம்பந்தமில்லை என்று உலகத்தில் யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை.

அந்த இரண்டு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. பதினான்கு பிள்ளைகள் தங்கள் ஆய்வைப் பள்ளியின் இணையதளத்தில் பக்கமாகச் செய்திருந்தார்கள். அதில் என் மகள் ஜெயப்பிரியாவும் ஒருத்தி, ஒன்பதாம் வகுப்பு. தேர்வாகிற ஒருவர் மாநிலக் கண்காட்சிக்குப் போகலாம். மூன்று மாதமாக இதே பேச்சு, இதே மூச்சு. என்ன ஆய்வு என்று மட்டும் எனக்குச் சொல்லவில்லை. "அன்னைக்கு வந்து பாருங்கப்பா, உங்களுக்குத்தான் ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிவிட்டாள்.

விருதுநகரிலிருந்து நடுவராக ஓர் அம்மா வந்திருந்தார். பதினோரு மணிக்கு அவர் சாத்தூரில் இன்னொரு பள்ளியில் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சார் மேடையேறி, பிள்ளைகளைக் காக்கும் புதிய ஏற்பாட்டை இந்த நிமிடத்திலிருந்து தொடங்குகிறோம் என்று பொத்தானை அமுக்கினார். "ஒரே நாளில் அறுபது பக்கம் பார்த்த நம்ம போர்மேன் அண்ணாச்சி" என்று என்னைக் காட்டினார். கைதட்டல். நான் எழுந்து நாலு பக்கமும் கும்பிட்டேன். (தேர்தலில் நிற்கிறவன்கூட அப்படிக் கும்பிட மாட்டான்.)

முதல் ஆய்வு ஜெயப்பிரியாவுடையது. மேடைக்கு வந்தாள். பெரிய திரையில் அவள் பக்கத்தைத் திறந்தார்கள்.

திரை முழுக்கச் சிவப்பு. நடுவில் வெள்ளை எழுத்தில்: 'இந்தத் தளம் மூடப்பட்டுள்ளது. காரணம்: வெடிபொருள்.' அதற்குக் கீழே, மரியாதைக்காகச் சார் சேர்த்துவைத்திருந்த வரியில், என் பெயர், இனிஷியலோடு.

அந்தச் சிவப்புக்குப் பின்னால் இருந்தது என்ன என்று பிற்பாடு படித்தேன். "பட்டாசு ஆலையில் கருமருந்து அறைக்குள் நுழைவதற்கு முன் என் அப்பா ஏன் செப்புத் தகட்டைத் தொடுகிறார்?" உடம்பில் சேருகிற மின்சாரம் எப்படிப் பொறியாகிறது, தகட்டைத் தொட்டால் அது எப்படி மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது, நாங்கள் ஏன் நைலான் துணி உடுத்துவதில்லை, எல்லாவற்றையும் படம் போட்டு எழுதியிருந்தாள். ஆட்களைப் பத்திரமாக வைத்திருப்பதைப் பற்றி அந்த அறுபதில் இருந்த ஒரே பக்கம் அதுதான்.

"அடுத்ததைத் திறங்க" என்றார் நடுவர் அம்மா. சிவப்பு. அதற்கடுத்தது, சிவப்பு. பதினான்கும் ஒரே தளம், பள்ளியின் தளம். நான்தான் வரிசையையே காலி செய்துவிட்டேனே!

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "ஏலே, நம்ம புள்ள மண்புழு உரத்தப் பத்தில்ல எழுதுச்சு? அதுவுமா வெடிக்கும்?"

கம்ப்யூட்டர் சாருக்கு வியர்த்துக் கொட்டியது. மூடியதை மறுபடி திறக்க நாளைக் காலை ஆகுமாம். ஏற்பாடு நன்றாகத்தான் இருக்கிறது என்று காட்டுவதற்காக, பச்சைப் பட்டியலிலிருந்து ஒன்றைத் திறந்தார்.

கரடி வந்தது. சக்கரம் தானாகச் சுற்றியது. கரடிக்கு நல்ல தமிழ்க் குரல். மேடை ஸ்பீக்கரில் மண்டபமே அதிர்ந்தது. "அய்யோ, போச்சே! இன்னொரு சுத்து சுத்துடா செல்லம்! அப்பா போனை எடு! அவர் கார்டு நம்பரைத் தட்டு! அப்பாகிட்டச் சொல்லாதே!"

திரையின் மேலே ஓடிய பச்சைப் பட்டைக்குக் கீழேயும் என் பெயர்.

சார் அதை மூட மூட, அது மேலும் இரண்டு கரடியைத் திறந்தது. எனக்குக் காது அடைத்துவிட்டது. அந்த நேரத்தில் என் மூளை வேலை செய்யவில்லை, இருபத்திரண்டு வருடப் பழக்கம் வேலை செய்தது. ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மெயின் சுவிட்சை இறக்கினேன். விளக்கு, விசிறி, மைக் எல்லாம் நின்றன. லேப்டாப் மட்டும் பேட்டரியில் உயிரோடு இருந்தது. அந்த அமைதியில் மூன்று கரடிகளும் கீச்சுக் குரலில் "சொல்லாதே, சொல்லாதே" என்றன. நான் பயத்தில் என் சத்தத்தைக் கொடுத்தேன்.

"வெளிய! எல்லாரும் வெளிய!"

மண்டபத்தில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆலைக் குடும்பங்கள். ஒருவரும் எதற்கு என்று கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது; செருப்பும் பையும் நாற்காலியும் மட்டும் உள்ளே கிடந்தன. நடுவர் அம்மாவை யாரோ இரண்டு பெண்கள் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மைதானத்தில் நான் பார்த்ததை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு இன்னும் வரவில்லை. தாய்மார்கள் பிள்ளைகளைத் தொட்டுத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். சிலர் மண்டபத்துக்கு மேலே புகை வருகிறதா என்று அண்ணாந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை என்று நான் ஒவ்வொருவரிடமாகப் போய்ச் சொல்ல, முகத்தில் ரத்தம் திரும்பியதும் அவர்கள் என்னைத் திட்ட ஆரம்பித்தார்கள். மனம் குளிரத் திட்டினார்கள்.

நடுவர் அம்மா மறுபடி உள்ளே வர மறுத்துவிட்டார். காரில் ஏறும்போது ஜெயப்பிரியாவைக் கூப்பிட்டார்: "நீ வாயாலயே சொல்லும்மா, கேக்குறேன்."

"எங்க அப்பா வந்து..." என்று தொடங்கினாள். என்னைப் பார்த்தாள். அதற்குமேல் அழுகைதான் வந்தது. கார் சாத்தூருக்குப் போனது. மாநிலக் கண்காட்சிக்குச் சாத்தூர்ப் பையன் ஒருவன் போனான்.

மூன்று நாள் என் மகள் என்னோடு பேசவில்லை. "அவுகளச் சாப்பிடச் சொல்லுங்கம்மா" என்று சுவரைப் பார்த்துச் சொல்வாள். நான் மன்னிப்புக் கேட்டேன்; சுவர்தான் கேட்டுக்கொண்டது. நான்காம் நாள் சாயங்காலம் டேப்லட்டைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். ஏதோ ஒரு கதைப் பக்கம்.

"இதுக்கு என்ன கலரு? சொல்லுங்க."

முதல் எழுத்திலிருந்து கடைசிப் புள்ளி வரை படித்தேன். மறுபடியும் படித்தேன். நல்லதுபோலவும் இருந்தது, இடையில் ஏதோ உறுத்தவும் செய்தது. என் வாழ்நாளில் எந்த இடத்திலும் சொல்லாத ஒரு வார்த்தையைச் சொன்னேன்: "தெரியலையேம்மா."

"அதுக்கும் ஒரு பொத்தான் இருக்குப்பா. இந்தா, கீழ, சாம்பல் கலர்ல. 'தெரியவில்லை, இன்னொருவர் பார்க்கட்டும்.' அறுபது தடவையும் உங்க கண்ணு முன்னாலதான் இருந்திருக்கு. ஒரு தடவகூடவா தெரியாமப் போகல?"

இப்போது நிறம் கொடுக்கிற குழுவில் மாணவர் சார்பாக அவள் இருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் முழுசாகப் படிக்க வேண்டும் என்பது அவள் போட்ட விதி. அந்த இரண்டு பேரில் நான் இருக்கக் கூடாது என்பது அவள் போட்ட இரண்டாவது விதி.

போன மாதம் என் மைத்துனர் மகளுக்கு ஒரு வரன் வந்தது. "பையன் எப்படி, மாப்ள? பாத்தீகள்ல?" என்று மைத்துனர் என்னைத்தான் கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாரீஸ்வரி முந்திக்கொண்டாள்: "இவுககிட்டயா கேக்குற? கன்னம் கொழுகொழுன்னு இருந்தா பச்சைன்னு சொல்லிருவாக. சாம்பல அமுக்கிட்டுப் போய் இன்னொரு ஆளக் கேளு."

வீடே சிரித்தது. ஜெயப்பிரியா வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரிப்பதற்காக இன்னும் அறுபது பக்கத்துக்குத் தப்பாக நிறம் கொடுக்க நான் தயார்தான். என்னிடம் பக்கம் கொடுப்பதற்குத்தான் ஊரில் ஆள் இல்லை.