வளையம் சாரும் நாறாத பாஸ்பரஸும்

ஆரணியிலிருந்து வேலூர் போகும் பஸ்ஸில், எவ்வளவு கூட்டமானாலும் மூன்று பேர் சீட்டில் தனியாக உட்கார்ந்து போன ஒரே மனிதர் எங்கள் வளையம் சார்தான். மற்ற இரண்டு பேரும் தாமாகவே எழுந்து போய்விடுவார்கள். ஒருமுறை கண்ணமங்கலத்தில் கண்டக்டர் வண்டியையே நிறுத்தி, "அழுகின பூண்டு மூட்டையை யாருப்பா ஏத்துனது? ஜல்தி இறக்கு!" என்று சீட்டுக்கு அடியிலெல்லாம் தேடினார். சாரும் கூடவே குனிந்து தேடினார்.

தொண்ணூறுகளின் கடைசி. நான் ஆங்கிலம் நடத்திய கல்லூரியில் அவர் வேதியியல். முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்திருந்தது பாஸ்பரஸ் வைத்த வளைய மூலக்கூறுகள். டீக்கடையில் மெதுவடையைத் தூக்கிப் பிடித்து எனக்கு விளக்கினார்.

"இங்க ஒரு பாஸ்பரஸ், எதிர்ல ஒரு பாஸ்பரஸ். ரெண்டும் சேந்து நடுவுல நிக்கல் உலோகத்தை கெட்டியா புடிச்சிக்கும். புரியுதுங்களா?"

"புரியுது சார். வடை ஆறுது."

"பழைய வழியில செஞ்சா காத்து பட்டதும் கெட்டுப்போவுது. புது வழி கண்டுபுடிக்கணும்."

அதுவரை கண்டுபிடித்த வழிகளில் நாற்றம் மட்டும்தான் வந்தது. எதிர் அறையில் நான் கவிதை நடத்தினால் முன்வரிசை மூக்கைப் பொத்திக்கொள்ளும். என் கவிதையால்தான் என்று ஒரு வருடம் வருந்தியிருக்கிறேன்.

ஒருநாள் கல்லூரி முதல்வர் சாரைக் கூப்பிட்டார். "பெரிய பேஜாரா போச்சு சார். வர்ற மாசம் ஆய்வுக்குழு வருது. அன்னிக்கு நாத்தம் இருந்தா உங்க லேபுக்குப் பூட்டுதான்."

ஐந்து வருட உழைப்பு. சார் அன்று சாப்பிடவில்லை.

லேபில் குடுவை கழுவும் கஸ்தூரி அக்கா (பெயரைப் பாருங்கள்!), சார் தனக்குத்தானே பேசுவதைக் கேட்டுக் கேட்டே பாதி வேதியியல் கற்றவர். அவர்தான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்:

"நானும் பாத்துகினே இருக்கறேன். பாஸ்பரஸை அவுத்து வுட்டுட்டு, கடைசியில போய் நிக்கல்ல கட்டறீங்க. மொதல்லயே கட்டிப் போட்டுட்டு அப்புறம் வளைச்சா என்ன சார்?"

சார் கரும்பலகையில் எழுதியிருந்த அத்தனையையும் சட்டைக் கையாலேயே அழித்தார்.

துண்டுகளாக இருந்த பாஸ்பரஸ் மூலக்கூறுகளை முதலில் நிக்கலோடு பிணைத்தார். அப்புறம் அந்த நிக்கலைச் சுற்றியே வளையத்தை மூடினார். முதல் இரண்டு முறை சேறுதான் வந்தது. மூன்றாவது முறை குடுவையின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் படிகங்கள். கட்டுண்ட பாஸ்பரஸ் காற்றில் கெடவும் இல்லை, நாறவும் இல்லை.

குழு வந்தது. தலைவர் லேபில் மூச்சை இழுத்துப் பார்த்துவிட்டு, "இங்க வேலையே நடக்கறதில்லையா?" என்று கேட்டார்.

அது வளையம்தான் என்று சென்னையில் சோதித்து உறுதியாக இன்னும் சில மாதம் ஆனது. கட்டுரை அச்சாகி வந்தபோது, கடைசியில் நன்றி என்று ஒரே ஒரு பெயர்: கஸ்தூரி. அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. சார் பத்திரிகையை என் கையில் திணித்தார்.

"நீங்க படிச்சிக் காட்டுங்க. எனக்கு வராது."

ஆங்கிலம் அவருக்கு என்னைவிட நன்றாகவே வரும். அன்று குரல்தான் வரவில்லை.