டெஸ்பாட்ச் அண்ணாச்சியின் பத்தாவது எபிசோடு

“பெட்டி ஒன்று. முத்திரை கலையாமல், வெள்ளிக்கிழமை முற்பகல் பெறப்பட்டது. கொண்டுவந்த ஆள் கையெழுத்துப் போட மறுத்தான்.”

டெல்லி முனிர்காவில் எங்களுக்கு மேல் மாடியில் இருந்த டெஸ்பாட்ச் அண்ணாச்சி, தன் ஸ்மார்ட் டிவியின் முதுகில் ஒட்டி வைத்த சீட்டு இது. கீழே பச்சை மையில் சுருக்கொப்பம். பச்சை மை அதிகாரிகளுக்கு உரியது; அரசு அலுவலகத்தில் தபால் அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் அண்ணாச்சி தனக்குத்தானே கொடுத்துக்கொண்ட பதவி உயர்வு அது. மாதமும் வருடமும் போடவில்லை. என் டைரியோடு ஒப்பிட்டதில், அவர் மனைவி, எங்கள் மதினி, காலமான அடுத்த வருடம், தீபாவளிக்கு முந்தின வாரம் என்று தெரிகிறது.

தலைநகரில் ஒரு டிவியை அரசு அலுவலகமாக நடத்திய ஒரே மனிதர் அவர்தான் என்று அடித்துச் சொல்வேன்.

டிவியை வாங்கிக் கொடுத்தது கனடாவில் இருக்கும் ஒரே மகன். பத்து நாள் விடுமுறையில் வந்தவன், அப்பா தனியாக இருக்கிறாரே என்று சுவரை அடைக்கிற அளவில் வாங்கினான். மாட்ட வந்தவர்கள், “அங்கிள் ஜி, தீவார் சோட்டி ஹை” என்று சுவர் சின்னதாக இருப்பதைக் குறை சொன்னார்கள். மதினி படம் அடுத்த சுவருக்கு மாறியது. படம் பார்க்கிற செயலியில் மகன் தன்னுடைய கணக்கையே போட்டுவிட்டு, “அப்பா, அபி கே லியே இது இருக்கட்டும், அப்புறம் உங்களுக்குத் தனியா எடுத்துத் தரேன்” என்று விமானம் ஏறினான். பிறந்தது வளர்ந்தது எல்லாம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸ், அவன் தமிழ் அப்படித்தான். ஏறியவன் அந்தக் கணக்கை மறந்தே போனான்.

முதல் வாரம் அண்ணாச்சி எந்தப் படமும் பார்க்கவில்லை. ‘நிபந்தனைகளை ஏற்கிறேன்’ என்ற பொத்தானைப் படிக்காமல் அமுக்க அவர் மனம் ஒப்பவில்லை. நிபந்தனை முழுவதையும் ரிமோட்டால் நகர்த்தி நகர்த்திப் படித்தார். “கடைசியில யாரும் ஒப்பம் போடலையேவே!” என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

அதன்பிறகுதான் அந்தப் படவரிசை அவர் கண்ணில் பட்டது. பாதியில் விட்ட படங்களைத் தொடர்ந்து பார்க்கச் சொல்லும் வரிசை. ஒவ்வொரு படத்துக்கும் அடியில், எதுவரை பார்த்தாயிற்று என்று காட்டும் சிவப்புக்கோடு. அவர் எதையுமே பார்க்கவில்லை. ஆனால் தினமும் கோடு நகர்ந்தது.

ஒருநாள் காலையில் என் வீட்டுக் கதவைத் தட்டினார். “வே, மேல வாரும். தபால் வந்திருக்கு.”

டிவியைக் காட்டினார். “பாரும். இதெல்லாம் என் மகன் ராத்திரி பாத்தது. இன்னா, சமையல் ரெண்டு பாத்திருக்கான். அப்ப மருமவ வெளியூரு போயிருக்கா. இது முதுகுவலிக்கு யோகா. ஆபீஸ் நாற்காலி சரியில்ல.”

“போன்ல பேசுவான்ல, அண்ணாச்சி?”

“ஞாயித்துக்கிழமை பேசுவான். ‘எப்படி இருக்கீங்க’ம்பான், ‘நல்லாருக்கேன்’ம்பேன். ‘நீ எப்படிருக்க’ம்பேன், ‘ஃபைன்’ம்பான். இதுல எதுவே சேதி?” என்றவர் டிவியைத் தட்டினார். “இதுல்லா சேதி!”

அன்றிலிருந்து தினமும் காலை பத்து மணிக்கு, இஸ்திரி போட்ட சட்டையோடு டிவி முன் அமர்ந்துவிடுவார். மகன் பார்த்ததையெல்லாம் பார்ப்பார். மகன் நிறுத்திய இடத்தில் நிறுத்துவார். ஒரு நொடி தாண்டமாட்டார்.

“மேலிடம் பாக்காத பக்கத்த டெஸ்பாட்ச்சுல இருக்கவன் பிரிக்கலாமா?” என்பார். கட்டைவிரல் நடுங்குவதால், “நிறுத்துங்க!” என்று கத்துவது என் வேலை. நான் ஆபீஸ் போகிற நாட்களில் என் மனைவி கத்துவாள்.

மகன் அப்போது மூழ்கியிருந்தது ஒரு கொரியத் தொடரில். நூடுல்ஸ் கடை நடத்தும் ஒரு பெண், அவளை மறந்துபோன ஒரு கணவன். அண்ணாச்சியும் மூழ்கினார். ஒருநாள் காய்கறி வண்டிக்காரருக்கு இடுப்புவரை குனிந்து வணக்கம் சொன்னார். வண்டிக்காரர் பயந்துபோய், “அங்கிள் ஜி, தபியத் டீக் ஹை?” என்று உடம்பை விசாரித்தார். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போய் அப்பளத்தோடு கொரியன் நூடுல்ஸும் வாங்கிவந்தார். சாப்பிட்டுவிட்டு, “பாவம், அதான் அவன் அவள மறந்துட்டான்” என்றார்.

பத்தாவது எபிசோடில், கணவன் அவள் கடைக்கே வந்து யாரோபோலச் சாப்பிட்டுப் போவான். மகன் அங்கே நிறுத்தியிருந்தான்.

“அழுதிருக்கான்வே” என்றார் அண்ணாச்சி. “சின்னப்புள்ளையிலயே அழுக வந்தா எந்திச்சுப் போயிருவான்.” அவரும் எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

மறுநாள்தான் வினை. கோடு நகர்ந்திருக்கவில்லை. அந்தக் காட்சியை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தவர், உண்ட மயக்கத்தில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார். நானும் இல்லை, என் மனைவியும் இல்லை. டிவி தன்பாட்டுக்கு அடுத்தது, அடுத்தது என்று ஓடியது. எழுந்து பார்த்தபோது தொடர் பதின்மூன்றில் நின்றது.

பதறிப்போய்ப் பின்னால் நகர்த்தினார். அதற்குள் கனடாவில் பொழுது விடிந்து, மகன் கைப்பேசியில் பார்த்துவிட்டான்.

புதன்கிழமை போன் வந்தது. ஞாயிறல்லாத ஒருநாளில் மகன் கூப்பிட்டதில் அண்ணாச்சிக்குத் தலைகால் புரியவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டார்.

“அப்பா, சுனோ. யாரோ என் அக்கவுண்டுல புகுந்துட்டான். நான் பார்க்கறதையெல்லாம் அவனும் பார்க்கறான். அஜீப் ஆத்மி, விசித்திரமான ஆளு! பாஸ்வேர்டு மாத்திட்டேன். நீங்களும் பேங்க் பாஸ்வேர்டெல்லாம் ஜாக்கிரதை.”

அண்ணாச்சி டிவியைப் பார்த்தார். கடவுச்சொல் கேட்டு அது நின்றுகொண்டிருந்தது.

“நல்ல காரியம் செஞ்சய்யா” என்றார். “காலம் கெட்டுக் கெடக்கு. யாரையும் நம்பப்படாது.”

“ஓகே ப்பா. எப்படி இருக்கீங்க?”

“நல்லாருக்கேன்.”

வைத்ததும் நான் பொறுக்காமல், “நான்தான்னு சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி?” என்றேன்.

“என்னன்னு சொல்ல? உன் வீட்டு சன்னல்ல தெனமும் எட்டிப் பாத்தேன்னா? பொறவு அவன் அழுவுறத நெறுத்திப்போடுவான்வே.”

“சரி, என் கணக்கைப் போட்டுத் தாரேன். அதே தொடர் அதிலயும் இருக்கு.”

அவர் ரிமோட்டைத் துடைத்து அதன் உறைக்குள் போட்டார். “அதுல அவன் இருக்கமாட்டானே.”

அதன்பிறகும் காலை பத்து மணிக்கு இஸ்திரிச் சட்டை உண்டு. டிவி மட்டும் இல்லை. மலை மந்திர் முருகன் கோயில் படியேறி, பாதியில் உட்கார்ந்து, இறங்கி வந்துவிடுவார். சென்ற கோடையில் வீட்டைக் காலி செய்துவிட்டு, பாளையங்கோட்டையில் தங்கை வீட்டு மாடிக்குப் போனார். டிவியை என்னிடம் தள்ளிவிட்டுப் போனார். எங்கள் சுவருக்கும் அது பெரிதுதான்.

அந்தத் தொடர் மொத்தம் பதினாறு எபிசோடு. மகன் மீதியைப் பார்த்து முடித்தானா என்பது எனக்குத் தெரியாது. யாரிடமும் விசாரித்து உறுதி செய்துகொள்ளவில்லை. கணவனுக்கு ஞாபகம் வந்ததா என்பதும் எனக்குத் தெரியாது. அடுத்ததைப் போடச் சொல்லி என் மனைவி தினமும் நச்சரிக்கிறாள், நான் பத்தாவதைத் தாண்டவிடுவதில்லை.