இந்தத் தளம் ஆபத்தானது

சிவப்பு போதவில்லை என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது.

அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. போலி மருந்துக்கடைத் தளம் ஒன்றில் அவர் வாங்கிச் சாப்பிட்ட இதய மாத்திரை வெறும் சுண்ணாம்புப் பொடி. "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா என் கையில எதுவும் இல்லை" என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவரைப் பார்க்க வந்தால், மேசை மேல் அதே கடையிலிருந்து புதுப் பொட்டலம்.

வயிற்றெரிச்சல் என்னவென்றால், மோசடித் தளத்துக்குள் யாராவது போகப் பார்த்தால் உலாவியில் குறுக்கே வந்து எச்சரிக்கும் பக்கத்தை வடிவமைப்பதுதான் அவள் உத்தியோகம். சோதனைப் பதிப்பு எது வந்தாலும் அப்பா போனில்தான் முதலில் போட்டுப் பார்ப்பாள்.

"அப்பா, சிவப்பா ஒரு பக்கம் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சே. கண்ணாடி போடாமலே படிச்சேன்."

"என்ன எழுதியிருந்துச்சு?"

"'இந்தத் தளம் ஆபத்தானது'ன்னு." அப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சிரித்தார். "பாப்பா, எங்க ஆலை கேட்லயும் 'ஆபத்து, உள்ளே வராதீர்'னு போர்டு இருந்துச்சு. அதுக்கு அடியில வாட்ச்மேனா நின்னுதான் ஆயுசு பூரா ஆளுங்களை விசாரிச்சு உள்ள விட்டேன்."

அவள் பொட்டலத்தைக் குப்பையில் போட்டுவிட்டு, அலுவலகம் திரும்பி மேலாளரிடம் போய் நின்றாள்.

"அந்தத் தளத்தையே திறக்க விடாம பண்ணிட்டா என்ன சார்?"

"நாம போலீஸ் இல்லம்மா. சொல்லலாம். தடுக்கக் கூடாது."

சரி, தாமதப்படுத்துவோம். 'உள்ளே செல்' பொத்தான் சட்டென்று வராமல், காக்க வைத்து வரும்படி மாற்றினாள். சலித்துப்போய்த் திரும்பிவிடுவார்கள் என்பது கணக்கு.

அடுத்த வாரம் அம்மா போன் செய்தாள். "வந்துருச்சுடி, பொட்டலம்."

"பொத்தான் உடனே வராதேம்மா!"

"பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாரு. நல்ல இடம்னா கொஞ்சம் நிக்கத்தான் வைப்பாங்களாம்."

"போனைப் பிடுங்கி வைம்மா."

"வச்சேன். அன்னிக்குப் பூரா பச்சத் தண்ணி குடிக்கலை. நீ வந்து சமாளிக்கிறியா?"

தாமதத்தோடு ஒரு நிபந்தனையும் சேர்த்தாள். 'ஆபத்து என்று தெரிந்தே போகிறேன்' என்று முழுதாகத் தட்டச்சு செய்தால்தான் வழி. அப்பாவுக்கு ஒற்றை விரல்தான் ஓடும். இது நிச்சயம் நிறுத்திவிடும் என்று நினைத்தாள்.

"காலையில உட்கார்ந்தவரு, சாப்பாட்டு நேரத்துலதான் எழுந்தாரு" என்றாள் அம்மா. "கையெழுத்துப் போட இடம் இல்லையேன்னு வேற குறை."

மேலாளர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "மிரட்டினா மனுஷன் வீம்பு பண்ணுவான். அன்பா சொல்லிப் பாரேன்."

அவளுக்கும் தன் மீதே சந்தேகம் வந்துவிட்டிருந்தது. திரையில் இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு, அப்பாவிடம் சொல்வதுபோல் எழுதினாள்: 'கொஞ்சம் நில்லுங்கள். உங்களுக்காக வீட்டில் ஒருத்தி கவலைப்படுகிறாள்.' எழுதும்போதே கண் கலங்கியது. அலுவலகத்திலும் இரண்டு பேர் கலங்கினார்கள். அந்த ஈரத்திலேயே அதை உலகத்துக்கே வெளியிட்டுவிட்டார்கள்.

அன்று மாலை அவளே போன் செய்தாள். "அப்பா, அந்தப் பக்கத்தை யாரு செஞ்சதுன்னு தெரியுமா?"

"நீதான். முதல் நாளே தெரியுமே."

"அப்போ என்னை நம்புங்கப்பா. தயவுசெஞ்சு."

"என்ன பாப்பா இது?" என்றார் அப்பா. "உன்னை நம்பாம வேற யாரை நம்பப் போறேன்?"

நீண்ட நாளைக்குப் பிறகு அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த தடவை அம்மா அழைத்தது ஆஸ்பத்திரியிலிருந்து. அவள் போய்ச் சேரும்போது அப்பா வாயிலும் மூக்கிலும் ஆக்சிஜன் கவசம் மாட்டிக் கண் மூடிக் கிடந்தார். கால் இரண்டும் வீங்கிப் பளபளத்தன. அம்மா அழுது ஓய்ந்திருந்தாள். "அட்மிட் ஆகி ஒரு வாரம் நல்லாத்தான்டி இருந்தாரு, உன்கிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு. கட்டில் கட்டிலா போய் உன் பெருமைதான் பேசினாரு. நேத்து சாயங்காலம் அப்படியே சாய்ஞ்சுட்டாரு."

"ஏம்ப்பா திரும்பவும் போனீங்க? அவ்வளவு கெஞ்சி எழுதினேனே!" கேட்காத காதில் அவள் கேட்டாள்.

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்தார். அவர் தலைமாட்டிலும் அதே கடையின் மாத்திரை அட்டை. எதிர்க் கட்டிலிலும் அதுதான். அவளை ஏற இறங்கப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"அட, நீங்கதானா அது! பெத்த பொண்ணு வாசல்லயே நின்னு, ஒவ்வொருத்தரா நிறுத்தி விசாரிச்சு உள்ள விடற கடைன்னு அப்பா சொன்னாரு. இல்லேன்னா இந்த வார்டே சேர்ந்து அங்க மாத்திரை வாங்குவோமா?"