ஹேஸல் காங்கஸின் மூன்று கார்டுகள்

"வெஸ்லி, ஹேஸல் காங்கஸுக்கு வாய் இருக்கா?" என்று கேட்டார் மார்லிஸ்.

பள்ளியிலிருந்து வெளியே போகும் காகிதம் எதுவானாலும் அலுவலகத்தில் மார்லிஸின் கையைத் தாண்டித்தான் போக வேண்டும். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அவர் எதையாவது கேட்டால் வில்லங்கம் என்று அர்த்தம்.

"இருக்கு. ஆனா திறக்க மாட்டா. ஏன்?"

"அவ ரிப்போர்ட் கார்டுல நீ எழுதியிருக்கியே. 'உங்கள் பிள்ளை வாயைக் கொஞ்சம் மூடினால் மற்றவர்களும் பேசலாம். ஆனால் அந்தச் சிரிப்பு இல்லையென்றால் வகுப்புக்கே உயிரில்லை.'"

ஐந்தாம் வகுப்பு ஆசிரியன் வெஸ்லி நிவாலா அலுவலகப் பிரதியை எட்டிப் பார்த்தான். அது பிராடி லெக்லேருக்கு எழுதியது.

"அப்போ பிராடி கார்டுல?"

"'அமைதியான பிள்ளை. வேலையை நேரத்துக்கு முடிக்கிறது.' அவங்கப்பா ஃபோன் பண்ணிட்டார். பையனுக்குக் காய்ச்சலான்னு நெத்தியைத் தொட்டுப் பார்த்தாராம்."

ஐந்தாம் வகுப்பின் கார்டுகள் முதல் நாளே பைகளில் ஏறி வீடு போய்ச் சேர்ந்திருந்தன.

கார்டில் மதிப்பெண்கள் இருக்கும் எக்செல் ஃபைல் பள்ளியுடையது. கருத்துகளை வெஸ்லி தன் சொந்த லேப்டாப்பில் இன்னொரு ஃபைலில் எழுதி வைத்திருந்தான். ஒவ்வொரு பெயரையும் அந்த ஃபைலில் தேடி, பக்கத்துக் கட்டத்தில் இருக்கும் கருத்தை எடுத்துவந்து கார்டில் ஒட்ட ஒரு ஃபார்முலா போட்டான். முதலில் சரியாகத்தான் போட்டான். சில பிள்ளைகளுக்கு மட்டும் 'கிடைக்கவில்லை' என்று வந்தது. பெயருக்குப் பின்னால் எங்கேயோ ஸ்பேஸ் பாரைத் தட்டியிருக்கிறான். அதைத் தேடிப் பிடிக்கப் பொறுமை இல்லாமல் ஃபார்முலாவின் கடைசிச் சொல்லை அழித்தான்.

அந்தச் சொல்தான் 'அதே பெயர் இருந்தால் மட்டும் எடு' என்று கட்டளையிடுவது. அது போனதும் ஃபார்முலா, கிட்டத்தட்ட இருந்தால் போதும் என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தது. ஒரு கட்டம்கூடக் காலியில்லை. வெஸ்லி தன்னைத் தானே மெச்சிக்கொண்டு காபி போடப் போனான்.

"இன்னிக்கே சரி பண்ணிடறேன்" என்றான் இப்போது.

உதவிப் பக்கத்தைப் படித்தான். பெயர்கள் அகர வரிசையில் இருந்தால் நல்லது என்று போட்டிருந்தது. கருத்து ஃபைலில் பெயர்க் கட்டங்களைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தச் சொன்னான். பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்த்து நகர்த்தட்டுமா என்று கம்ப்யூட்டர் பணிவாகக் கேட்டது. இருக்கிற குழப்பம் போதாதா என்று 'வேண்டாம்' என்பதை அமுக்கினான். பெயர்கள் எல்லாம் இடம் மாறி உட்கார்ந்தன. கருத்துகள் இருந்த இடத்திலேயே இருந்தன. பெயர்களுக்குப் பின்னால் இருந்த ஸ்பேஸ்களைத் தேடி நீக்கி, அழித்த சொல்லையும் திரும்பச் சேர்த்து, ஃபைலைச் சேமித்து, 'திருத்திய கார்டு' என்று தலைப்புப் போட்டு அச்சடித்தான்.

"சரி பார்த்தியா?" என்றார் மார்லிஸ்.

"பிழையே இல்ல மார்லிஸ். ஒரு கட்டம்கூடக் காலியில்ல."

"போன தடவையும் காலியில்லதானே?"

அந்தக் கேள்வி வெஸ்லிக்கு உறைத்தபோது பிள்ளைகளோடு புதுக் கார்டுகளையும் ஏற்றிக்கொண்டு பள்ளி பஸ் திருப்பம் தாண்டிவிட்டது. அலுவலகப் பிரதியைப் பிரித்துப் பார்த்தான். ஹேஸல் காங்கஸ்: 'உங்கள் பிள்ளை மேசைக்குள் பாம்பு வளர்ப்பதை நிறுத்த வேண்டும்.' முதல் தடவை ஃபார்முலா தடுமாறித் தப்பைக் கொண்டுவந்தது. இந்த முறை தப்பை மிகச் சரியாகக் கொண்டுவந்திருந்தது.

ஃபோன் பண்ணிச் சொல்லவும் வழியில்லை. மறுநாள் மான் வேட்டை தொடக்கம். பள்ளிக்கு விடுமுறை. ஊரே காட்டுக்குள் கேபின்களில் இருக்கும், அங்கே சிக்னல் கிடையாது. விடுமுறை முடிந்ததும் பெற்றோர் சந்திப்பு. வசந்தத்தில் அவனுக்கு வேலை நிரந்தரமா இல்லையா என்று தலைமையாசிரியர் மிஸஸ் டுஷேன் முடிவு செய்ய வேண்டும்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருந்தது. ஆனால் அவனை அதைவிட அரித்தது மேசை டிராயரின் உள்பக்கம் ஒட்டியிருந்த ஒரு சீட்டு.

முதல் வருடம் அவன் வகுப்புச் சத்தம் கூரையைப் பிய்த்தது. மிஸஸ் டுஷேன் அடிக்கடி வந்து கதவருகே நின்று எதையோ குறித்துக்கொண்டு போவார். பனியில் ஓட்டும் வண்டிகள் விற்கும் மைத்துனனின் கடைக்கே போய்விடலாம் என்று வெஸ்லி ராஜினாமாவை எழுதி வைத்திருந்தான். அப்போது மிஸஸ் டுஷேனின் வருட மதிப்பீட்டுச் சீட்டு வந்தது. 'கூட்டத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை உங்கள் கண் முதலில் தேடுகிறது' என்று ஒரே ஒரு வரி. அப்படியொரு கண் தனக்கு இருப்பதே அவனுக்குத் தெரியாது. ராஜினாமாவைக் கிழித்தான். மறுநாள் முதல் ஒதுங்கி நிற்கும் பிள்ளையைத் தேட ஆரம்பித்தான். தேடத் தேடக் கண் பழகியது, வகுப்பும் எப்படியோ அடங்கியது. அந்தச் சீட்டு இல்லையென்றால் தான் ஆசிரியரே இல்லை என்று அவன் உண்மையாகவே நம்பினான்.

விடுமுறை முழுக்க, எந்த ஃபார்முலாவையும் நம்பாமல், நினைவிலிருந்து மூன்றாவது கார்டுகளை டைப் செய்தான்.

பெற்றோர் சந்திப்பு சாப்பாட்டுக் கூடத்தில் நடந்தது. சமையலறை பெர்னிஸ் காபி ஊற்றினார். ஒரு காலத்தில் வாயில்லாப் பூச்சி; தட்டோடு தயங்கி நிற்கிற பிள்ளையைக் கூப்பிட்டு இன்னொரு கரண்டி உருளைக்கிழங்கு போடுவார். பிறகு என்ன வந்ததோ, வெஸ்லியின் முதல் வருடத்தில் ஒருநாள் கழுத்தில் விசிலோடு வந்து நின்றார். அன்றிலிருந்து மதியச் சாப்பாட்டில் முள்கரண்டிச் சத்தம் மட்டும்தான் கேட்கும். இப்போதும் காபி வரிசையில் பேச்சு உயர்ந்ததும் ஒரு விசில் அடித்தார். பெற்றோர்களும் கப்சிப்.

ஹேஸலின் அம்மா ரோண்டா மரலாரி ஓட்டுபவர். வந்ததும் மேசைமேல் மான் சாசேஜ் பொட்டலம் ஒன்றை வைத்தார்.

"இது எதுக்கு?" என்றான் வெஸ்லி.

"முதல் கார்டுக்கு. ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வச்சிருக்கா."

"இன்னொரு கார்டும் வந்திருக்குமே."

"வந்துச்சு. பையை உதறிப் பார்த்தேன், பாம்பு இல்ல. இப்ப ஒண்ணு வாங்கித் தான்னு நச்சரிக்கிறா."

வெஸ்லி மூன்றாவது கார்டைக் கையில் எடுத்தான். "மிஸஸ் காங்கஸ், நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"முதல்ல நான் சொல்லிடறேன். வேட்டைக் கேபின்ல என் அண்ணன் தம்பிங்க எல்லாரும் இருந்தாங்க. இவ நாற்காலி மேல ஏறி நின்னு ஒரு ஜோக் சொன்னா. ஜோக் நல்லாவே இல்ல. ஆனா அவளே சிரிச்சா பாருங்க, அடுத்த கேபின்காரன் எட்டிப் பார்த்தான். அப்படி ஒரு சிரிப்பு அவகிட்ட இருக்கறது பெத்த எனக்கே தெரியாது. உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை.

"தெரியாது. நான் கேட்டதே இல்ல. ஃபைல்ல தப்புப் பண்ணிட்டேன், இன்னொரு பிள்ளைக்கு எழுதினது மாறி வந்துருச்சு."

ரோண்டா காபியைக் குடித்து முடித்தார்.

"அப்போ இதுதான் சரியானதா?" என்று மூன்றாவது கார்டை வாங்கிப் படித்தார். 'அமைதியான பிள்ளை. வேலையை நேரத்துக்கு முடிக்கிறது.'

"இது யாருக்கு வேணாலும் பொருந்துமே" என்றார். குரலில் கோபம் இல்லை.

"ஆமா."

"நீங்க தப்பா எழுதினீங்களோ சரியா எழுதினீங்களோ, அவ அதைப் படிச்சுட்டா மிஸ்டர் நிவாலா. இனிமே நீங்க சொன்னாலும் நம்ப மாட்டா. விட்டுடுங்க." கார்டை மடித்து வெஸ்லியின் சட்டைப் பையிலேயே செருகிவிட்டுப் போனார்.

வெஸ்லிக்கு அவமானமாக இருந்தது. கார்டு மாறியதை மன்னித்துவிடலாம். மாறாமல் இருந்திருந்தால் அவளுக்கு எந்த வரி போயிருக்கும் என்று நினைத்தபோதுதான் சுட்டது. ஒதுங்கி நிற்கிற பிள்ளையைத் தேடும் கண் என்று பெயர் வாங்கிவிட்டு, ஹேஸலைப் பற்றி அவனிடம் இருந்தது ஒப்புக்கு இரண்டு வாக்கியம். நேராக வகுப்புக்குப் போய் டிராயரைத் திறந்து அந்தச் சீட்டைப் பிய்த்து எடுத்தான்.

மிஸஸ் டுஷேனின் அறைக்கதவு சாத்தியிருந்தது. உள்ளே பிராடியின் அப்பா பேசுவது வெளியே வரை கேட்டது. வெஸ்லி மார்லிஸின் மேசைமுன் நின்றான்.

"என்ன அது கையில?"

"என் மதிப்பீடு. டுஷேன்கிட்டத் திருப்பிக் கொடுக்கப் போறேன். இதுக்கு நான் லாயக்கில்ல மார்லிஸ். இந்த வரியை நம்பித்தான் இத்தனை நாள் இங்க இருந்தேன்."

மார்லிஸ் சீட்டை வாங்கினார். படித்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இன்னொரு முறை படித்தார். கூடத்திலிருந்து பெர்னிஸின் விசில் கேட்டது.

"திருப்பிக் கொடுக்கறதுன்னா பெர்னிஸ்கிட்டக் கொடு" என்றார். "அந்த வருஷம் மதிப்பீட்டுக் கடிதமெல்லாம் நான்தான் இதே ஃபார்முலாவுல போட்டேன், 'பிள்ளைகளைக் கொஞ்சம் அடக்கி வையுங்கள்'னு உனக்கு எழுதினது அவங்களுக்குப் போயிருச்சு."